டேய், மெதுவாடா!

திங்கட்கிழமை காலை பால் வாங்கப் போனேன். பால்காரர் மீதிச் சில்லறையை எண்ணிக் கையில் வைத்துவிட்டு, முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, "டேய், மெதுவாடா" என்றார். இருபது வருஷமாக என்னை "சார்" என்று கூப்பிட்டவர். பின்னால் நின்ற பையன் தூக்குவாளியால் வாயை மறைத்துக்கொண்டான். வீதி திரும்புவதற்குள் இன்னும் இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். மருந்துக்கடையில் ரத்தக்கொதிப்பு மாத்திரை கேட்டால், கடைப்பையன் அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, "மெதுவாப் போடுங்க சார்" என்கிறான். எதை மெதுவாகப் போடுவது, மாத்திரையையா?

எல்லாம் அந்த 47 விநாடி வீடியோ. அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் கழுவுவதற்கு முன்னால் அதைப் போட்டுவிட்டான். அதில் மலை இருக்கிறது, மரம் இருக்கிறது, ஹெல்மெட் போட்ட நான்கு தடியன்கள் இருக்கிறார்கள். நான் இல்லை. என் குரல் மட்டும் இருக்கிறது. அடிவயிற்றிலிருந்து நான் கத்திய "டேய், மெதுவாடா"வை வெட்டி, ஒட்டி, தாளத்தில் உட்காரவைத்திருக்கிறான். எட்டுத் தடவை வருகிறது. மூன்றாம் தடவை "டேய்" நீள்கிறது. ஐந்தாம் தடவை "மெதுவா" மட்டும் தனியாகக் கழன்று மேல் ஸ்தாயிக்குப் போய் நின்றுவிட்டு இறங்குகிறது. தியாகராஜர் சமாதி இருக்கிற ஊரில் இதற்குப் பெயர் சொல்லவேண்டியதில்லை, சங்கதி. ஆராதனைக்கு வந்து பஞ்சரத்தினம் பாடுகிற கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து வெறும் வாயசைத்துவிட்டு வருகிற எனக்கு, இந்த வயதில் இப்படி ஒரு பல்லவி அமைந்தது.

மூன்றாவது வளைவில் என்ன நடந்தது, நான் ஏன் கத்தினேன், தப்பு யார் பேரில் என்பது வீடியோவில் இல்லை. அதை ஊரறியச் சொல்லிவிடுவது என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி வாசலில் கார் வந்து நின்றது. அக்கா மகனும் மூன்று சிநேகிதர்களும். வீக்கெண்ட். உங்கள் வீட்டிலும் ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கும், புதன்கிழமையே வாட்ஸப்பில் "பிளான் என்ன?" என்று ஆரம்பித்து, திங்கட்கிழமை இடுப்பில் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு ஆபீஸ் போகிற அதே சமாசாரம். நான் என்ன யோக்கியமா? வங்கியில் இருந்த காலத்தில் இரண்டாம் சனிக்கிழமை வந்தால் நானும்தான் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய், தொப்பி வாங்கி, வாந்தி எடுத்துவிட்டு வருவேன். ஆனால் மலையில் ஏறினால் போதும் என்று இருந்தது அப்போது. இவர்களுக்கு ஏறுவதில் அக்கறையே கிடையாது. இறங்க வேண்டும். அதுவும் இன்ஜின் இல்லாமல்.

காரிலிருந்து இறங்கிய சாமான்களைப் பார்த்து என் மனைவி, "ஏங்க, இதையெல்லாம் ரிப்பேருக்கா கொண்டுவந்திருக்காங்க?" என்று காதோடு கேட்டாள். நியாயமான கேள்வி. ஒரு சைக்கிள்; அதில் மிதி இல்லை, செயின் இல்லை, சீட்டு தரையைத் தொடுகிறது. இரண்டு நீளப் பலகைகள், அடியில் நான்கு நான்கு சக்கரம். அப்புறம் 'லூஜ்' என்று ஒன்று. சக்கரம் வைத்த சட்டம். அதில் மல்லாந்து படுத்துக்கொண்டு இறங்க வேண்டுமாம். மல்லாந்து படுத்துக்கொண்டு போகிற பயணம் எங்கள் ஊரில் ஒன்றுதான் உண்டு. அதற்கும் நான்கு பேர் தூக்கவேண்டும். காவிரிக் கரையோடு முடிந்துவிடும்.

"இதுக்குப் பேரு கிராவிட்டி ஸ்போர்ட்ஸ் மாமா. கொல்லிமலைல ஒரு காப்பித் தோட்டத்துக்குள்ள சொந்த ரோடு, காட்டுக்குள்ள ரெண்டு கிலோமீட்டர் நல்ல இறக்கம். தோட்டக்காரர் கேட்டை மூடிட்டு விடறேன்னுட்டார். எங்க காருக்கு அடி தட்டுது. உங்க வண்டியும் வந்தா நல்லாயிருக்கும்."

மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அப்போது அவன் ஒரு வார்த்தை விட்டான். "வாங்க மாமா. உங்க ஊர்ல ஒரு மேடுகூடக் கிடையாது. நீங்க இறக்கத்தையே பார்த்திருக்க மாட்டீங்க."

சுருக்கென்றது.

இறக்கம் தெரியாதாம் எனக்கு. தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதற்குள் ஐந்து ஆறு: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. ஐந்து ஆறு என்றால் ஐந்து பாலம். ஐந்து பாலம் என்றால் ஐந்து ஏற்றம், ஐந்து இறக்கம். திரும்பி வந்தால் பத்து. இந்தக் கணக்கு அவனுக்கு எப்படித் தெரியும்? இன்ஜினியர்.

மலை கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 40 மீட்டர். பூம்புகார்க் கடற்கரை 80 கிலோமீட்டருக்கு அப்பால். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவு. இந்தத் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் எந்தப் பக்கம் போவது என்று அதற்கே சந்தேகம் வரும். நெல்லுக்கு இதைவிட நல்ல தரை கிடையாது; தண்ணீர் அவசரப்படாமல் வயல் வயலாக விசாரித்துக்கொண்டு போகும். ஆனால் வாடகை சைக்கிள் எடுத்த பன்னிரண்டு வயதுப் பையன் என்ன செய்வான்? அவனுக்குப் பாலம்தான் மலை.

எங்கள் காலத்தில் அதற்கு 'உருட்டு' என்று பெயர். பாலத்து உச்சியிலிருந்து சைக்கிளை விடவேண்டும். மிதிக்கக் கூடாது, காலை ஊன்றக் கூடாது, பிரேக்கைத் தொடக் கூடாது. முன்சக்கரம் எங்கே நிற்கிறதோ அங்கே செங்கல்லால் கோடு. எவன் கோடு தூரத்தில் இருக்கிறதோ அவனுக்கு மற்றவர்கள் வாடகை கட்டவேண்டும். மணிக்கு 50 காசு. இந்த 50 காசுக்காக நாங்கள் செய்த ஆராய்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. கடையில் பத்து சைக்கிள் இருந்தால் அதில் நாலாம் நம்பர்தான் வேண்டும் என்று அரைமணி முன்னதாகப் போய் நிற்பது. வீட்டிலிருந்து மண்ணெண்ணெய் திருடிவந்து அச்சில் ஊற்றி, பழைய கிரீஸ் கழுவிப்போய் பால்ஸ் கலகலவென்று சுற்றுகிறதா என்று காதை வைத்துக் கேட்பது. டயரில் காற்று கல்லாக இருக்கவேண்டும். டைனமோ சக்கரத்தைத் தொடக் கூடாது. மட்கார்டு 'டக் டக்' என்று ஆடினால் துணி செருகுவது. அப்புறம் தலையை ஹாண்டில்பாரோடு வைத்துக் குனிந்துகொண்டால் காற்று தடுக்காது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. குரங்குப் பெடல் அடிக்கிற சின்னப் பையன்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம். அவர்கள் கோடு போட மட்டும்.

பருவமும் பார்க்கவேண்டும். ஆடியில் மேல்காற்று, அது முகத்தில் அடிக்கிற பக்கம் திரும்பினால் இறக்கத்திலேயே சைக்கிள் நின்றுவிடும், நின்று பின்னால்கூட வரப் பார்க்கும். தை அறுவடையில் ரோடு முழுக்க வைக்கோல்; சக்கரத்தில் சுற்றிக்கொண்டு ஆளைத் தூக்கிப் போடும். பங்குனியில் உளுந்துச் செடியைக் காயப்போட்டிருப்பார்கள், பஸ் ஏறி மிதித்துக் கொடுக்கட்டும் என்று. உளுந்தின் மேல் சைக்கிள் போனால் சரசரவென்று சத்தம் மட்டும் வருமே தவிர வேகம் வராது. போதாக்குறைக்கு உளுந்துக்குச் சொந்தக்காரர் வேறு வரப்பிலிருந்து எழுந்து வருவார்.

வடவாற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஊருக்குள்ளேயே முடிந்துவிடும், உடம்பு சூடாவதற்குள். வெண்ணாறு நல்ல பாலம். ஆனால் எதிரே பஸ் வரும், கண்டக்டர் பெயர் கேட்பார். வெட்டாற்றில் இறக்கம் முடிகிற இடத்தில் அப்போது ஒரு பள்ளம் இருந்தது. அதில் விழுந்து என் முன்பல் ஒரு ஓரம் போனது. கல்யாணப் போட்டோவில் நான் வாயை மூடிக்கொண்டிருப்பதை மரியாதை என்று மாமனார் வீட்டில் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காவிரிப் பாலத்தில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் புஷ்ய மண்டபப் படித்துறையில் குளித்துவிட்டு வருகிற யாராவது பார்த்து, நாம் வீடு போய்ச் சேர்வதற்குள் அப்பாவிடம் சொல்லிவிடுவார்கள்.

ஆகவே குடமுருட்டி. குடமுருட்டி! பெயரைப் பாருங்கள். உலகத்தில் எந்த ஆற்றுக்காவது ஒரு கிராவிட்டி ஸ்போர்ட்ஸின் பெயர் இருக்கிறதா? குடத்தையே உருட்டுகிற ஆறு சைக்கிளை உருட்டாதா? இறக்கம் தொடங்கியதும் ஃப்ரீவீல் 'கிர்ர்ர்' என்று சன்னமாக ஆரம்பிக்கும். பிறகு ஒரே சுருதி. சட்டை முதுகில் பலூன் மாதிரி உப்பும். கண்ணில் தண்ணீர் வரும். இறக்கம் முடிந்த பிறகுதான் வித்தையே. சமதரையில் அந்தக் 'கிர்ர்' கொஞ்சம் கொஞ்சமாகத் தனித்தனிச் சத்தமாகப் பிரியும்; கிர், கிர்... டிக்... டிக்... ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு அடி. முதலில் சுமைதாங்கிக் கல் வரும். அதைத் தாண்டினால் ஆண்பிள்ளை. அதற்கப்பால் ஒரு புளியமரம். என் வயதில் புளியமரத்தைத் தாண்டியவன் ஒருத்தன்தான்.

நான்தான்.

இதைச் சொன்னேன். அக்கா மகன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சூப்பர் மாமா. அது எத்தனை செகண்ட் வரும்?" என்றான்.

எங்கே விட்டேன்? மூன்றாவது வளைவு. வருகிறேன். ஆனால் அவன் பாலத்தையே ஒப்புக்கொள்ளவில்லை என்பதால் ஆற்றையும் சொல்லவேண்டியதாயிற்று. தலைக்காவிரியில் 1,276 மீட்டர் உயரத்தில் கிளம்பி, 800 கிலோமீட்டர் இறங்கிக் கடலுக்கு வருகிறாள் ஒருத்தி. இன்ஜினா, ஹெல்மெட்டா, தலையில் காமிராவா? ஒன்றும் கிடையாது. சிவசமுத்திரத்தில் குதிக்கிறாள், ஒகேனக்கலில் குதிக்கிறாள். எல்லா வித்தையையும் மேலேயே காட்டி முடித்துவிட்டு, எங்களிடம் வரும்போது புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்து வருகிறாள். அதுவும் வருகிற வருஷங்களில்.

அப்பரையும் சொன்னேன். கயிலாய மலையைப் பார்த்தே தீர்வது என்று வடக்கே போனவர். கால் தேய்ந்தது, கையால் ஊன்றிப் போனார். கை தேய்ந்தது, மார்பால் நகர்ந்தார். கடைசியில் புரண்டு புரண்டு போனார். ஏற்றத்தில் புரண்டிருக்கிறார் மனிதர், இறக்கத்தில் இல்லை. அப்போது அங்கே ஒரு குளத்தில் முழுகச் சொல்லி உத்தரவாகிறது. முழுகியவர் எழுந்த இடம் திருவையாறு. கயிலாயக் காட்சி கிடைத்ததும் இங்கேதான். ஆடி அமாவாசைக்கு இன்றைக்கும் கூட்டம் தாங்காது. ஆகவே எங்கள் ஊர்க்காரன் மலையைத் தேடிப் போகவேண்டியதில்லை, மலை இங்கே வரும் என்று பெரியபுராணமே இருக்கிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு வண்டியை எடுத்தேன். பிறவி அப்படி.

திருச்சி, நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. காரவள்ளியிலிருந்து மலை. 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் எழுதி வைத்திருப்பது வழிகாட்டவா, பயமுறுத்தவா தெரியவில்லை. பதினைந்து வரை நான் எண்ணினேன். அதற்குமேல் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டினேன். ஐம்பதுக்குமேல் அக்கா மகன் தூங்கிப்போனான். ஒரே மகிழ்ச்சி, மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிறவன் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. சட்டம் போட்டவர் எங்கள் கட்சி.

தோட்டத்துக்குள் ரோடு அழகாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்கவேண்டும். இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், ஒவ்வொன்றையும் கழுத்துவரை கட்டிப்பிடித்திருக்கும் மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி. தார் ரோட்டின் ஓரத்தில் பச்சையாகப் பாசி. எங்கேயோ பலாப்பழம் பழுத்து வெடித்த வாசனை. வல்வில் ஓரி ஆண்ட மலை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தான் என்பார்கள். அந்த அம்பும் ஏதோ ஒரு இறக்கத்தில்தான் போயிருக்கவேண்டும்.

நான்கு பேரும் தோல் சட்டை, முழங்கால் கவசம், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டார்கள். கையுறையின் உள்ளங்கையில் கெட்டியாக ஒரு வட்டத் துண்டு ஒட்டியிருந்தது. வளைவில் பலகையைச் சறுக்கவிட்டுக் கையைத் தரையில் ஊன்றித் திரும்பவேண்டுமாம், அதுதான் பிரேக்கும். அந்த நேரத்தில் தலையில் சுள்ளிக்கட்டோடு ஒரு கிழவி வந்தாள். நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். என்னைத்தான் கேட்டாள்: "ஏன் சாமி, வண்டி எஞ்சின் கெட்டுப்போச்சா?" இல்லை, இப்படியே இறங்கப் போகிறார்கள் என்றேன். அவள் சுள்ளிக்கட்டைச் சரிசெய்துகொண்டு அதே இறக்கத்தில், அதே கிராவிட்டியில், வெறுங்காலோடு போய்விட்டாள்.

இறங்கினார்கள். மூன்று நிமிஷம். அவ்வளவுதான். பின்னாலேயே நான் வண்டியில் போகவேண்டும். இரண்டாவது கியரில், பிரேக்கை அதிகம் மிதிக்காமல். முதல் தடவை மிதித்துவிட்டேன். கீழே போய் நிற்கும்போது சக்கரத்திலிருந்து ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகிய நாற்றம். கீழே நான்கு பேரும் கட்டிப்பிடித்து, கத்தி, தலைக்காமிராவில் எடுத்ததைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். பிறகு சைக்கிள், பலகைகள், லூஜ் எல்லாவற்றையும் என் வண்டியில் ஏற்றுவார்கள். அவர்களும் ஏறுவார்கள். நான் முதல் கியரில், டீசல் குடிக்கக் குடிக்க, பன்னிரண்டு நிமிஷம் மேலே கொண்டுபோய் விடுவேன். உடனே இறங்கிவிடுவார்கள். மூன்று நிமிஷம். மறுபடி பன்னிரண்டு.

சனிக்கிழமை ஆறு தடவை. ஞாயிறு ஐந்து.

நான்காவது தடவையில்தான் எனக்குப் புரிந்தது. இன்ஜின் இல்லாத விளையாட்டு என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதன் இன்ஜின் நான். கிராவிட்டி இலவசம், மேலே கொண்டுவந்து விடுவது இலவசமில்லை.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு பழைய வீடியோ காட்டினான். சிவ கேசவன். மணாலிப் பக்கத்துப் பையன், அப்பா கேரளம், அம்மா இத்தாலி. லூஜில் 1998 நாகானோவிலிருந்து 2018 பியோங்சாங் வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக். முதல் தடவை போனபோது வயது 16. லூஜ் ஓட்டுகிற பனித்தடம் இந்தியாவில் கிடையாது என்பதால், சட்டத்துக்கு அடியில் சக்கரம் மாட்டி இமயமலை ரோட்டில் மல்லாந்து படுத்துப் பழகியவர். லாரி வருகிறது, ஆட்டு மந்தை வருகிறது, ஒதுங்கி ஒதுங்கிப் போகிறார். பார்த்தேன். அவர்மேல் மரியாதை வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆடு ஓட்டிக்கொண்டு எதிரே ஏறி வந்தவரை யாரும் பேட்டி எடுக்கவில்லையே என்றும் இருந்தது. இறங்கியவர் ஒலிம்பிக் போனார். ஏறி வந்த ஆட்டுக்காரர் என்ன ஆனார்?

சாயங்காலம் சண்டை. புறப்படும்போது சிநேகிதர்களில் தாடிக்காரன் காலால் உந்தினான், உந்தவில்லை என்று. அப்போது நான் அமெரிக்கக் கதை சொன்னேன். ஓஹியோ மாகாணத்தில் சோப்புப் பெட்டிக்குச் சக்கரம் மாட்டிப் பையன்கள் இறக்கத்தில் விடுகிற போட்டி, 1934-இல் டேட்டன் நகரத்தில் தேசிய அளவில் ஆரம்பித்து அடுத்த வருஷமே ஆக்ரன் நகரத்துக்குப் போய்விட்டது. இங்கே மேட்டூர் அணை கட்டி முடிந்ததும் அதே 1934-தான். இறங்கி வந்ததை நாம் நிறுத்தினோம். நின்றதை அவர்கள் இறக்கத்தில் விட்டார்கள். அந்தப் போட்டியில் 1973-இல் ஜெயித்தவன் 14 வயதுப் பையன். பரிசு கொடுத்த பிறகு சந்தேகப்பட்டு வண்டியின் மூக்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் உள்ளே மின்காந்தம். புறப்படும் இடத்தில் வண்டிகளைத் தடுத்து நிற்பது இரும்புப் பலகை; அது முன்னால் சாயும்போது காந்தம் அதைப் பிடித்துக்கொண்டு வண்டியை இழுத்துவிடும். தலையைப் பின்னால் சாய்த்தால் ஸ்விட்ச். பரிசைப் பிடுங்கிவிட்டார்கள். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்தவர் யார் தெரியுமா? ஆங்கிலத்தில் மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். நான் மாமா என்றே எடுத்துக்கொள்கிறேன். அந்த ஊர் மாமா மருமானுக்குக் காந்தம் வைத்துக் கொடுத்திருக்கிறார். இந்த ஊர் மாமா டீசல் போட்டுக் கொடுக்கிறார். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் ஷட்டரிலும் அப்படி ஒரு காந்தம் இருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. அதை வெளியே சொல்லவில்லை, சிநேகிதர்களில் இரண்டு பேர் பெங்களூரு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை லூஜில் படுக்கவைக்கப் பார்த்தார்கள். "மாமா, நீங்கதான் ஜெயிப்பீங்க. எடை அதிகமா இருந்தா காத்து தடுக்கிறது எடுபடாது." விஞ்ஞானப்படி சரி என்றே வைத்துக்கொள்வோம். பாசிப்பருப்பும் நெய்யும் சர்க்கரையுமாக நாற்பது வருஷம் அசோகா சாப்பிட்டு நான் சேர்த்து வைத்தது, ஒரு காப்பித் தோட்டத்தில் மூன்று நிமிஷத்தில் செலவாவதற்கா?

அவர்கள் அடிக்கடி என்னைச் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் குத்துகிறது. "மாமா, முட்டுக்கட்டை போடாதீங்க." டெல்டாவில் பிறந்தவன் இதை வசவாகவா சொல்வது? திருவாரூர் ஆழித்தேருக்குப் பெல் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள். இருந்தும் இன்றைக்கும் முட்டுக்கட்டைக்காரர்கள் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தால்தான் தேர் வீதி திரும்பும். நிறுத்துவதும் அந்தக் கட்டை, திருப்புவதும் அந்தக் கட்டை. ஆயிரம் பேர் வடம் பிடித்து ஓ என்று கத்துவார்கள். கட்டை போடுகிறவர் கத்தமாட்டார், அவருக்கு வேலை இருக்கிறது. நான் கத்தினேன். அது வேறு விஷயம். கத்தியதற்குக் காரணம் ஒரு பலாப்பழம், ஒரு கன்றுக்குட்டி, அக்கா மகனின் தலைக்காமிரா. முதலில் பலாப்பழத்தைச் சொல்லிவிடுகிறேன். மேலே எங்கேயோ காம்பு அறுந்து விழுந்த பழம். ஹெல்மெட் இல்லை, கையுறை இல்லை. ரோட்டுக்கு வந்து, வளைவில் ஓரத்தைத் தொட்டு, அழகாகத் திரும்பி, இவர்கள் நான்கு பேரையும்விடச் சுத்தமாகப் போனது. இரண்டு நாளில் நான் பார்த்த நல்ல ஓட்டம் அதுதான். ஆறேழு கிலோ இருக்கும். எடை விஷயத்தில் அவர்கள் சொன்னது சரிதான் போல.

ஞாயிறு மத்தியானம் கிளம்பினோம். மற்ற மூன்று பேரும் சாமான்களோடு நாமக்கல்லில் பிரிந்து வடக்கே போனார்கள். அக்கா மகன் என்னோடு வந்தான். வழியெல்லாம் போனில் எதையோ வெட்டிக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் இருந்தான். என்ன வெட்டுகிறான் என்று அப்போது எனக்குத் தெரியாது. ராத்திரி நேரத்தில் கல்லணை ரோடு வேண்டாம் என்று தஞ்சாவூர் வழியாக வந்தேன். வடவாறு. வெண்ணாறு. வெட்டாறு. குடமுருட்டிப் பாலம் ஏறி நடுவுக்கு வரும்போது வண்டி இரண்டு தடவை இருமியது. நின்றுவிட்டது. பதினொரு தடவை ஏற்றத்தில் குடித்த குடி. முள் எப்போதோ தரை தட்டியிருக்கிறது, நான் பார்க்கவில்லை.

"நியூட்ரல் போடுங்க மாமா" என்றான் போனிலிருந்து தலையை எடுக்காமல்.

போட்டேன். இன்ஜின் செத்தால் ஸ்டீயரிங் அம்மிக்கல். பிரேக் மிதித்தால் இறங்காது. ஹெட்லைட் மட்டும் மஞ்சளாக. வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு மெல்ல முன்னால் சாய்ந்தது. கண்ணாடி இறக்கியிருந்ததால் டயர் தாரில் உருளுகிற சத்தம் தவிர ஒன்றுமில்லை, அப்புறம் தவளைகள். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்து நனைந்த மணல் வாசனை. வேகம் கூடியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். காருக்குள் குனிந்து என்ன பிரயோஜனம் என்று தெரியும், உடம்பு கேட்கவில்லை.

சமதரை வந்தது. சுமைதாங்கி இருந்த இடத்தில் இப்போது கல்யாண ஃபிளெக்ஸ். தாண்டினோம். வேகம் குறைந்தது. அக்கா மகன் போனைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியே முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். புளியமரத்தை ரோட்டை அகலப்படுத்தும்போது வெட்டிவிட்டார்கள்; வேர் மட்டும் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த வேருக்குப் பத்தடி முன்னால் வண்டி நின்றது.

"மாமா, இன்னொரு தடவை மேல தள்ளிட்டுப் போய் விட்டுப் பார்க்கலாமா?" என்றான்.

"மொதல்ல டீசல் கொண்டா" என்றேன்.

டிக்கியிலிருந்து காலி கேனை எடுத்துக்கொண்டு, வந்த ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஏறிப் போனான். முக்கால் மணி நேரம் கழித்து வந்தான். இரண்டு லிட்டர் கொண்டுவந்திருந்தான். அதற்கும் புறப்படும்போது காசை என்னிடம்தான் வாங்கிக்கொண்டு போனான்.